யாழ்ப்பாணச் சாப்பாடு: முதல்முறை சமைப்பவர்களுக்கும் கடையில் சாப்பிடுபவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இடியாப்பம், புட்டு, தேங்காய்ப்பால் எல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் இருப்பவைதான். அதனாலேயே யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டை முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். பழகிய பெயரைப் பார்த்ததும் பழகிய கைப்பக்குவத்திலேயே செய்துவிடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் நீர்க்கச் செய்யும் சொதி குருமாவாகிவிடுகிறது, தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பல் சட்னியாகிவிடுகிறது. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. ஒரே ஒரு பண்டத்தை மட்டும் செய்து ருசி பார்ப்பது. யாழ்ப்பாணத்துத் தட்டில் எதுவும் தனியாக நிற்காது. இடியாப்பத்தில் உப்பு மட்டுமே இருக்கும். சொதி தண்ணீராக, காரமில்லாமல் இருக்கும். சம்பலைத் தனியாக வாயில் போட்டால் உறைப்பு தாங்காது. மூன்றும் ஒரே கவளத்தில் சேரும்போதுதான் அது சாப்பாடு. ஆகவே எத்தனை எளிமையாகச் செய்தாலும் சரி, ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாகச் செய்யுங்கள்.

முதலில் வாங்க வேண்டியவை

சிவப்பரிசி மா: இடியாப்பத்துக்கு நைசாக அரைத்த மாவு வேண்டும். கேரளப் புட்டுப்பொடி கரகரப்பானது. அதை இடியாப்பத்துக்குப் போட்டால் உரலின் கண்கள் அடைத்துக்கொள்ளும். வறுக்காத மாவாக இருந்தால் அடிகனமான சட்டியில் மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம் வறுக்க வேண்டும். விரலில் எடுத்துக் கோலம் போட்டால் கோடு அறுந்துபோகாமல் விழ வேண்டும், அதுதான் பதம். நிறம் கருக்க விடக்கூடாது. ஆறியதும் சலித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மா: இலங்கைச் சமையல் குறிப்புகளில் இந்தப் பெயரைப் பார்த்தால் நம் சப்பாத்தி மாவை எடுத்துவிடாதீர்கள். அங்கே கோதுமை மா என்றால் வெள்ளையாகச் சுத்திகரித்த மாவு, கிட்டத்தட்ட நம் மைதா. இடியாப்பத்துக்கும் பிட்டுக்கும் அதை அவித்துத்தான் சேர்ப்பார்கள். மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, இட்லிப் பானையில் 30 முதல் 40 நிமிடம் அவியுங்கள். வெளியே எடுக்கும்போது கல் போல இறுகியிருக்கும். சூடு இருக்கும்போதே உடைத்துச் சலித்துவிட வேண்டும். ஆறவிட்டால் உடைப்பது பெரும்பாடு.

கறித்தூள்: கடையில் "யாழ்ப்பாணக் கறித்தூள்" என்று கேளுங்கள். வெறும் மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் "தனி மிளகாய்த்தூள்" என்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தவர் பேச்சில் வெறுமனே "தூள்" என்றாலே வறுத்து அரைத்த இந்தக் கூட்டுத்தூள்தான். கனடாவின் ஸ்கார்பரோ, லண்டனின் வெம்ப்ளி, பாரிஸின் லா சப்பல் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்குத் தெருக்கோடியிலேயே கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே செய்யலாம்: காய்ந்த மிளகாய் 250 கிராம், மல்லி 250 கிராம், சோம்பு 60 கிராம், மிளகு 40 கிராம், சீரகம் 25 கிராம், வெந்தயம் 15 கிராம், மஞ்சள் 10 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மிளகாயைக் கடைசியாக, கருஞ்சிவப்பு வரும்வரை வறுத்து, ஆறவைத்து அரையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் சீரகம் கருகும் நேரத்தில் மல்லி பச்சையாகவே இருக்கும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் முழுத்தூளும் கசக்கும்.

மல்லிக்குச் சமமாக மிளகாய் இருப்பதைக் கவனியுங்கள். நம் குழம்புத்தூளில் பெரும்பாலும் மல்லிதான் தூக்கலாக இருக்கும். எனவே வழக்கமாகப் போடும் அளவில் பாதியில் தொடங்குங்கள்.

இவை தவிர மைசூர் பருப்பு, சின்ன வெங்காயம், 2 தேங்காய், எலுமிச்சை. மாசிக்கருவாடு விருப்பத்தைப் பொறுத்தது. ரம்பை இலை (பாண்டன் இலை) கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்குப் பதிலாக எதையும் போட வேண்டாம்.

முதல் வேளை: இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல்

நான்கு பேருக்கான அளவு. வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: தேங்காய்ப்பால், சம்பல், இடியாப்பம், கடைசியாகச் சொதி. சொதியை முதலில் செய்து வைத்தால், திரும்பச் சூடாக்கும்போது திரிந்துவிடும்.

ஒரு தேங்காயைத் துருவி, ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்து முதற்பாலை எடுத்து வையுங்கள். அதே தேங்காய்த் துருவலில் மேலும் 2 கப் தண்ணீர் விட்டு அடித்து இரண்டாம் பால் எடுங்கள். டப்பாப் பால் என்றால் 200 மில்லிக்கு 400 மில்லி தண்ணீர் கலக்கலாம். வாசனை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சம்பலுக்கு: துருவிய தேங்காய் 1 கப், காய்ந்த மிளகாய் 6, சின்ன வெங்காயம் 6, உப்பு, நெல்லிக்காய் அளவில் பாதி பழப்புளி. யாழ்ப்பாணத்தில் இதை உரலில் இடிப்பார்கள். மிளகாயைச் சிறிது எண்ணெயில் வறுத்து, முதலில் உப்போடு சேர்த்து இடித்து, அது நொறுங்கியதும் தேங்காய், பிறகு புளி, கடைசியில் வெங்காயம். மிக்ஸியில் செய்வதென்றால் சின்ன ஜாரில் மிளகாயையும் உப்பையும் பொடித்துக்கொண்டு, தேங்காயும் புளியும் போட்டு இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றுங்கள். வெங்காயத்தைப் போட்டதும் ஒரே ஒரு சுற்று போதும். தொடர்ந்து ஓடவிட்டால் தேங்காயிலிருந்து எண்ணெயும் வெங்காயத்திலிருந்து தண்ணீரும் பிரிந்து சட்னியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது. முடிந்ததும் கையால் ஒருமுறை பிசைந்து விடுங்கள். தென்னிலங்கையில் இதையே வறுக்காத மிளகாய், மாசி, எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்கிறார்கள். அதன் ருசி வேறு.

இடியாப்பத்துக்கு: வறுத்த சிவப்பரிசி மா 2 கப், உப்பு முக்கால் தேக்கரண்டி, 2 முதல் 2¼ கப் நன்றாகக் கொதிக்கும் தண்ணீர். அரிசியில் கோதுமையைப் போல இழுத்துப் பிடிக்கும் பசை இல்லை. கொதிநீர் பட்டு மாவின் மேற்பரப்பு வேகும்போதுதான் அது ஒட்டுகிறது. தண்ணீர் கொதி இறங்கிவிட்டால் இழை துண்டு துண்டாக உதிரும். அகப்பைக் காம்பால் கிளறியபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் திரட்டுங்கள். விரலில் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். பிழிய முடியாமல் கை வலித்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் 2 மேசைக்கரண்டி கொதிநீர் தெளித்துப் பிசையுங்கள்.

அவித்த கோதுமை மாவும் பாதிக்குப் பாதி சேர்ப்பதாக இருந்தால் மட்டும் அரிசி மாவை முதலில் கொதிநீரில் கிளறி, சற்று ஆறியபின் கோதுமை மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். அவித்த கோதுமை மாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டால் களியாகிவிடும்.

இட்லித் தட்டில் சிறு சிறு வட்டங்களாக, ஒற்றை அடுக்காகப் பிழியுங்கள். தடிமனாகப் பிழிந்தால் நடுப்பகுதி வேகாது. நல்ல ஆவியில் 8 முதல் 10 நிமிடம். எடுத்த உடனே பிய்க்காமல் இரண்டு நிமிடம் விட்டால் தட்டில் ஒட்டாமல் கழன்று வரும்.

இனி சொதி. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தப் பெயர் கல்யாண வீட்டை நினைவூட்டும். காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு, இஞ்சித் துவையலோடு சாப்பிடும் அந்தச் சொதி கெட்டியானது, அதுவே முழுச் சாப்பாடு. யாழ்ப்பாணத்துச் சொதி நீர்த்தது, இடியாப்பத்தை நனைப்பதற்கென்றே செய்வது.

இரண்டாம் பாலில் நீளவாக்கில் அரிந்த சின்ன வெங்காயம் 10, கீறிய பச்சை மிளகாய் 4, ஒரு தக்காளி, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் போட்டு வெங்காயம் வேகும்வரை கொதிக்கவிடுங்கள். 7, 8 நிமிடம் ஆகும். தீயைக் குறைத்து முதற்பாலை ஊற்றி, அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றி ஆற்றிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கூடி ஒருமுறை பொங்க எழும்பியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, சூடு தணிந்தபிறகு அரை எலுமிச்சையைப் பிழியுங்கள்.

சொதி திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். முதற்பாலைத் தளதளவென்று கொதிக்கவிட்டது, அல்லது அடுப்பில் இருக்கும்போதே புளிப்பைச் சேர்த்தது. திரிந்த சொதியைச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அந்த வழவழப்பு திரும்ப வராது.

தட்டில் நான்கைந்து இடியாப்பத்தை வைத்து, மேலே சொதியைத் தாராளமாக ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு சம்பலோடு பிசைந்து சாப்பிடுங்கள். கரண்டியால் சாப்பிட்டால் சம்பல் ஒரு பக்கம், இடியாப்பம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். கையால் பிசைந்தால்தான் சேரும். குழந்தைகளுக்கு முதல்நாள் சம்பல் வைக்க வேண்டாம். இடியாப்பமும் சொதியும் கொடுத்து, பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்தால் பெரும்பாலும் மறுக்காமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வேளை: பிட்டும் பருப்பும்

இங்கே குழலில் அடைத்து அவிப்பதைத்தான் புட்டு என்கிறோம். யாழ்ப்பாணத்துப் பிட்டு பெரும்பாலும் பனையோலையில் கூம்பாகப் பின்னிய நீத்துப்பெட்டியில் அவிவது. உதிரி உதிரியாக, மணிமணியாக இருக்கும். சர்க்கரை போட்டுச் சாப்பிடுபவர்களும் உண்டு, ஆனால் அன்றாட ராச்சாப்பாடாகக் கறியோடுதான் வரும்.

வறுத்த அரிசி மா 2 கப், உப்பு அரைத் தேக்கரண்டி. கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மொத்தம் ஒரு கப் அளவுக்குப் பிடிக்கும், மாவைப் பொறுத்துக் கூடக் குறைய ஆகும். இப்போது மாவு பெரிய பெரிய கட்டிகளாக நிற்கும். அடுத்த வேலைதான் முக்கியம்: விளிம்பு மெல்லிய ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அந்த விளிம்பால் கட்டிகளைக் கொத்திக் கொத்திச் சிறு மணிகளாக்குங்கள். மிளகளவுக்கு வந்ததும் துருவிய தேங்காய் முக்கால் கப் கலந்து, நீத்துப்பெட்டியிலோ துணி விரித்த இட்லித் தட்டிலோ அழுத்தாமல் தூவி, 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள். அழுத்தி வைத்தால் ஆவி உள்ளே புகாது, நடுவில் மாவு வெள்ளையாகவே நிற்கும். பிட்டு தொண்டையில் அடைத்தால் கொதிநீர் குறைவு. உருண்டையாக ஒட்டினால் அதிகம்.

பருப்புக்கு: மைசூர் பருப்பு 1 கப், தண்ணீர் 2½ கப், மஞ்சள், பச்சை மிளகாய் 3, பூண்டு 4 பல். இந்தப் பருப்பு திறந்த சட்டியிலேயே 12, 15 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கர் வேண்டாம், கரைந்துபோகும். வெந்தபின் உப்பும் அரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு கொதிக்கு இறக்கி, கடுகு, சோம்பு, காய்ந்த மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். சோம்பு தாளித்த மணம்தான் இதை நம் பருப்பிலிருந்து பிரித்துக் காட்டும். ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். இரண்டு கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு அரிந்து நல்லெண்ணெயில் பொரித்துப் பக்கத்தில் வைத்தால் தட்டு நிறைந்துவிடும். மாம்பழக் காலமாக இருந்தால் பிட்டோடு ஒரு துண்டு மாம்பழம் கட்டாயம்.

கறித்தூள் இந்த இரண்டு வேளையிலும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருக்கிறோம். தேங்காய்ப்பாலின் பக்குவம் கைக்கு வந்தபிறகு மூன்றாவது வேளையில் கோழியோ உருளைக்கிழங்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவுக்கு 1½ மேசைக்கரண்டி தூள், இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பால் விட்டுச் சுண்டவிட்டால் பிரட்டல். தூள் ஏற்கெனவே வறுபட்டது, எண்ணெயில் மறுபடியும் நேரம் எடுத்து வதக்கினால் கருகிக் கசக்கும்.

ஒடியல் கூழ்

கூட்டமாகச் செய்ய வேண்டியது இது. ஆறு முதல் எட்டுப் பேர் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. பெயர் பார்த்து வாங்குங்கள்.

ஒடியல் மாவில் இயல்பாகவே கசப்பு உண்டு. 200 கிராம் மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மா அடியில் படியும், மேலே மங்கிய மஞ்சள் நீர் நிற்கும். அதை இறுத்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் ஊறவையுங்கள். இரண்டு முறையாவது செய்ய வேண்டும். கசப்பு மட்டுமல்ல, வயிற்றுக்கு ஒவ்வாதவையும் அந்த நீரோடுதான் போகின்றன. நேரமில்லை என்று இந்தப் படியைத் தாண்டுவதாக இருந்தால் அன்றைக்குக் கூழ் காய்ச்சவே வேண்டாம்.

மா ஊறும் நேரத்தில் காய்களை நறுக்கலாம். பெரிய பானையில் 3 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அரிசி ஒரு கைப்பிடி, தோல் நீக்கிய பலாக்கொட்டை 15, நடுநரம்பு எடுத்த மரவள்ளிக்கிழங்கு 200 கிராம், பயற்றங்காய் (காராமணிக்காய்) 100 கிராம் போட்டுத் திறந்தபடியே 20 நிமிடம் வேகவிடுங்கள். கிழங்கு வெந்ததை உறுதி செய்துகொண்டு, மீன் அரைக் கிலோ, துண்டாக்கிய நண்டு அரைக் கிலோ, இறால் கால் கிலோ. தலையுள்ள மீனாக இருந்தால் சாறு நன்றாக இறங்கும். 10 நிமிடம் கழித்து, இறுத்தெடுத்த மாவோடு எலுமிச்சை அளவுப் புளிக்கரைசல், அரைத்த காய்ந்த மிளகாய் 15, மஞ்சள், உப்பு கலந்து ஊற்றிக் கிளறுங்கள். இந்த நேரத்தில் கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். இன்னும் 10 நிமிடம் சிறுதீயில் வைத்து, கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கை இலை.

பதம்: அகப்பையிலிருந்து தடையில்லாமல் வழிய வேண்டும். ஆறினால் இறுகும், அதனால் இறக்கும்போது சற்று இளக்கமாகவே இருக்கட்டும். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றி, பலா இலையைக் கரண்டியாக மடித்துக் குடிப்பது ஊர் வழக்கம். வீட்டில் அகலமான கிண்ணம் போதும், நண்டை எடுக்கக் கை நுழைய வேண்டுமல்லவா. இறால், நண்டு ஒவ்வாதவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்று பானையை ஏற்றும் முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழ் வேறு. அது அரிசிமா, பாசிப்பயறு, பனங்கட்டி (கருப்பட்டி), தேங்காய்ப்பால் சேர்ந்த இனிப்புக் கூழ். கூழ் என்று கேட்டு இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளியே சாப்பிடும்போது

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு முதல் விதி நேரம். காலையில் பேக்கரிப் பாண் (நம் பிரெட்), அதோடு சம்பலோ பருப்போ. பாணை றாத்தல் கணக்கில் கேட்பார்கள், ஒரு றாத்தல் ஏறக்குறைய 450 கிராம். இரண்டு பேருக்கு அரை றாத்தலே போதும். மதியம் சோறும் கறியும். சிவப்பரிசியா வெள்ளையா என்று கேட்டால் சிவப்பைச் சொல்லிப் பாருங்கள். வழக்கமாகச் சாப்பிடும் அளவை விடக் கொஞ்சம் குறைத்து வாங்குங்கள், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். கொத்து ரொட்டி மாலைக்கு மேல்தான். தகட்டில் கொத்தும் சத்தம் கேட்கும் கடைக்குப் போனால் சூடாகக் கிடைக்கும். ஒரு கொத்து பல கடைகளில் இருவருக்குப் போதும். குழம்பைத் தனியாகக் கேளுங்கள், மேலே ஊற்றினால் ரொட்டி ஊறிக் குழைந்துவிடும்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை அடுக்கிய தட்டை மேசையில் வைப்பது உண்டு. பதற வேண்டாம். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள். எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பது மட்டும் கூடாது. முட்டை வைத்த பெரிய ரோலுக்கு மிதிவெடி என்று பெயர். பிளேன் ரீ என்றால் பாலில்லாத இனிப்புத் தேநீர். பால் வேண்டுமென்றால் பால் ரீ என்று சொல்லுங்கள், பெரும்பாலும் பால்மாவில்தான் வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் "மரக்கறி" என்று கேட்க வேண்டும். ஆனால் அசைவக் கடையில் மரக்கறிச் சாப்பாடு வாங்கினாலும் சம்பலில் மாசி இருக்கலாம், சொதியில் மீன் போட்டிருக்கலாம். "சம்பலில மாசி போட்டிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். சைவக் கடை என்று பலகை போட்ட இடத்தில் இந்தக் கவலை இல்லை. காரம் தாங்காதவர்கள் "உறைப்பு குறைவா" என்று சொல்லலாம். கொத்தில் குறைத்துத் தர முடியும். ஏற்கெனவே காய்ச்சி வைத்த கறியில் முடியாது, அதனால் சோற்றோடு பருப்பையும் சொதியையும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மிஞ்சியவை

இடியாப்பம் மிஞ்சினால் மறுநாள் கையால் உதிர்த்து, வெங்காயம், முட்டை, மீந்த கறி சேர்த்துக் கொத்தாக்கலாம். பழைய இடியாப்பம்தான் இதற்கு உதிரியாக வரும். பிட்டையும் இப்படியே வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துக் கிளறலாம். சம்பலைக் குளிர்பெட்டியில் ஒருநாள் வைக்கலாம், வெங்காயம் நீர்விட்டிருந்தால் வெறும் சட்டியில் ஒரு வதக்கு வதக்கினால் பாணுக்கு ஆகும். சொதியை அன்றைக்கே முடித்துவிடுங்கள், வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.